சின்ன எழுத்துப் போடாத பலகை

ஒரு நாள் காலையில் ஒருவர் மருந்தடிக்கிற மெசின் ஒன்றைப் பெட்டியோடு கொண்டுவந்து எங்கள் கடை மேசையில் வைத்தார். தோளில் கொளுவிக்கொண்டு வயலுக்கு மருந்து விசிறுகிற, பற்றரியில் ஓடுகிற மெசின்.

"அக்கா, இத எப்பிடிப் பூட்டுற எண்டு விளங்கல்ல. ஒருக்காப் பூட்டித் தாங்க" என்றார்.

பெட்டியைப் பார்த்ததும் எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. முந்தின கிழமை இதே மனிதர் இதே மேசைக்கு முன்னால் நின்று, எங்களிடம் இருந்த அதே மெசினைத் தூக்கிப் பார்த்தார், தோளில் போட்டுப் பார்த்தார், அடியில் ஒட்டியிருந்த மாடல் நம்பரைப் போனில் படம் பிடித்தார். "வீட்ட கேட்டுப்போட்டு வாறன்" என்று சொல்லிவிட்டுப் போனார். போய், போனில் ஓடர் பண்ணியிருக்கிறார்.

எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் பூட்டிக் கொடுத்தேன். குழாயை மாட்டி, வாசர் போட்டு, தண்ணீர் ஊற்றி, எங்கும் ஒழுகவில்லை என்று காட்டினேன். கூலி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஒன்றை மட்டும் கேட்டேன். "என்ன விலைக்கு எடுத்தீங்க?"

அவர் சொன்ன விலையோடு கூரியர் கூலியையும் சேர்த்துப் பார்த்தால் எங்கள் விலைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. மீதி வித்தியாசம் ஒரு பைக்கற் ஆணி வாங்கப் போதும், அவ்வளவுதான்.

"என்னட்டக் கேட்டிருந்தா அந்த விலைக்கே தந்திருப்பனே."

அவர் மெசினைப் பார்த்துக்கொண்டே, "நீங்க குறைப்பீங்க எண்டு தெரியாதேக்கா. போனக் காட்டிக் குறைக்கச் சொல்லிக் கேக்க வெக்கமா இருந்திச்சு" என்றார்.

அந்தப் பதில் எனக்குள் இருந்துவிட்டது. அவர் ஏமாற்றுக்காரர் அல்ல. வெட்கப்பட்டிருக்கிறார். இப்படி எத்தனை பேர் மாடல் நம்பரைப் படமெடுத்துக்கொண்டு வெட்கத்தோடு இறங்கிப் போயிருப்பார்கள் என்று யோசித்தேன்.

எங்கள் கடை வாவிக்கு மேற்குப் பக்கம், படுவான்கரையில், கொக்கட்டிச்சோலையைத் தாண்டி வட்டைக்கு, அதாவது வயல்வெளிக்குப் போகிற றோட்டில் இருக்கிறது. சீமெந்து, கம்பி, பைப், பெயின்ட், மண்வெட்டி, தண்ணீர் பம்ப் என்று வீட்டுக்கும் வயலுக்கும் தேவையானதை விற்கிறோம். என் கணவர் பெட்டி பூட்டிய லாண்ட்மாஸ்டர் உழவு மெசினில் சாமான் ஏற்றி இறக்குவார். கொள்முதலும் விற்பனையும் என் பொறுப்பு. கலியாணத்துக்கு முன் நான் ரவுனில் ஒரு பெரிய ஹாட்வெயார் கடையில் காசாளராக இருந்தவள். கடை வைப்போம் என்று சொன்னதும் நான்தான். அதனால் கடை படுத்தால் அந்தப் பழியும் எனக்குத்தான் என்று எப்போதும் நினைத்துக்கொள்வேன்.

பாலம் வந்தபின் வாவிக்கு அந்தப் பக்கம் போய்வருவது ஒரு விஷயமே இல்லை. அங்கே கண்ணாடி போட்ட, ஏசி போட்ட பெரிய ஹாட்வெயார் ஒன்று திறந்தார்கள். அதே நேரத்தில் எல்லோர் கையிலும் போன். எங்களுக்கு வருகிறவர்கள் குறைந்துகொண்டு போனார்கள். வந்தவர்களிலும் பாதிப் பேர் பார்க்கத்தான் வந்தார்கள்.

மெசின்காரர் போன அன்று மத்தியானம் சோறு தின்னும்போது கணவரிடம் சொன்னேன்.

"கடைக்கு முன்னால ஒரு பலகை போடப்போறன். வேற கடையிலயோ போனிலயோ குறைஞ்ச விலையக் காட்டினா, அதே விலைக்குத் தருவம் எண்டு."

அவர் கையை நிறுத்தினார். "இஞ்ச புள்ள, போனில கண்டவன் கண்ட விலையப் போடுவான். எல்லாத்துக்கும் நாம பின்னால ஓட ஏலுமா?"

"எல்லாத்துக்கும் ஓடத் தேவல்ல. கேக்கிறவனுக்குக் குடுத்தாப் போதும். கேக்கிறத்துக்கு வெக்கப்படுறாங்க. பலகை இருந்தா வெக்கப்படமாட்டாங்க."

"நட்டம் வந்தா?"

"வந்தாப் பாப்பம்."

எனக்கு மறுப்புச் சொல்ல நினைத்தால் அவர் சோற்றைக் கெதியாகத் தின்று முடித்து எழும்பிவிடுவார். அன்றும் அப்படித்தான் எழும்பினார்.

பலகை எழுத வந்த பெயின்டர் ரவுனில் பெரிய கடைகளுக்கெல்லாம் எழுதுகிறவர். நான் சொன்னதை எழுதிவிட்டு, பிரஷைக் கழுவாமல் நின்றார். "அக்கா, கீழ சின்ன எழுத்தில 'நிபந்தனைகளுக்கு உட்பட்டது' எண்டு ஒண்டு போடுவமா? எல்லாக் கடையிலயும் போடுறவங்க. பிறகு உங்களுக்குத்தான் உதவும்."

வேண்டாம் என்றேன். அந்தச் சின்ன எழுத்தை நான் ரவுன் கடையில் வேலை செய்தபோதே பார்த்திருக்கிறேன். விலைக்கழிவு என்று பெரிதாக எழுதியிருக்கும். ஆட்கள் சாமானைத் தூக்கிக்கொண்டு காசு மேசைக்கு வந்தபிறகு, அந்தக் கழிவு இந்தச் சாமானுக்குப் பொருந்தாது என்று சொல்லுகிற வேலை என்னுடையது. அவர்களுடைய முகத்தை நான்தான் பார்க்க வேண்டியிருந்தது.

முதல் மாதம் பலகை எங்களுக்கு நன்றாகவே வேலை செய்தது. ஆட்கள் போனை வெளியில் எடுத்தார்கள். நான் அவர்களைக் கதிரையில் இருத்தி, பக்கத்தில் நானும் இருந்து, "வாங்க, கடைசிப் பக்கம் மட்டும் போய்ப் பாப்பம்" என்பேன். முதல் பக்கத்தில் போட்டிருக்கிற விலை வேறு, விலாசம் கொடுத்து கடைசிப் பக்கத்துக்குப் போகும்போது வருகிற விலை வேறு. பெயின்ட் வாளிக்குக் கூரியர் கூலி பெயின்டின் விலையில் ஒரு பங்கு வந்து நிற்கும். பைப்பை எங்கள் பக்கத்துக்கு அனுப்பவே மாட்டோம் என்று வரும். பார்த்தவர்கள் சிரித்துக்கொண்டு எங்களிடமே வாங்கினார்கள். உண்மையாகவே போனில் குறைவாக இருந்தால் நான் வாய் திறக்காமல் குறைத்தேன். தண்ணீர்க் குழாய், பூட்டு, பல்ப் என்று சின்னச் சாமான்கள்தான். என் கணவர்கூட, "பலகை பரவால்ல" என்றார். அவருடைய வாயில் அது பெரிய பாராட்டு.

பிறகு கோடை முற்றியது.

கச்சான் என்கிற நிலக்கடலையும் கத்தரியும் தோட்டம் செய்கிற ஒரு பெண் ஒரு நாள் பகல் வெயிலில் நடந்து வந்தாள். என் வயதுதான் இருக்கும். கணவன் இல்லாதவள், தனியாகத் தோட்டத்தைப் பார்க்கிறாள் என்று ஊரில் கேள்விப்பட்டிருந்தேன். அவளுடைய பழைய பம்ப் நின்றுவிட்டதாம். திருத்துகிறவர் பார்த்துவிட்டு இனிச் சரிவராது என்று சொல்லிவிட்டாராம். கச்சான் பூத்து நிற்கிற நேரம், தண்ணீர் இல்லாமல் விட முடியாது.

நான் எங்களிடம் இருந்த ஒரே பெற்றோல் பம்பைக் காட்டி விலையைச் சொன்னேன். அவள் இடுப்புப் பையிலிருந்து போனை எடுத்து, ஒரு படத்தை விரித்து நீட்டினாள்.

"மகள் காட்டித் தந்தவள். இதான் விலை எண்டு கிடக்கு. உங்கட பலகையில இந்த விலைக்குத் தருவம் எண்டு எழுதியிருக்குத்தானே கா? அதான் நேர இஞ்ச வந்தன்."

நான் போனை வாங்கிப் பார்த்தேன். அதே கொம்பனி, அதே மாடல், அதே சிவப்புப் பெட்டி. ஏதோ தெரியாத ஆள் போட்ட விளம்பரம் அல்ல, அந்தக் கொம்பனியின் சொந்தப் பக்கம். கடைசிப் பக்கம் வரை போனேன். கூரியர் கூலியைச் சேர்த்தும் அந்த விலை நான் விற்கிற விலையைவிடக் குறைவு. அதையாவது விடலாம். நான் மொத்தக் கடையில் வாங்கின விலையைவிடவும் குறைவு.

எனக்குப் பின்னால் நின்ற கணவர் எட்டிப் பார்த்துவிட்டு மெதுவாகத் தலையை ஆட்டினார். வேண்டாம் என்று சொல்லுகிற ஆட்டல்.

அவளிடம் சொல்லுவதற்கு என்னிடம் நியாயங்கள் இருந்தன. இது கொழும்பு விலை என்று சொல்லியிருக்கலாம். ஓடர் பண்ணினால் வந்து சேர நாள் செல்லும், எங்களிடம் இப்போதே எடுத்துப் போகலாம், அதற்கு ஒரு பெறுமதி இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். எல்லாம் உண்மைதான். ஆனால் ஒன்றும் பலகையில் இல்லை. அவள் அதை நம்பித்தான் வெயிலில் நடந்து வந்திருக்கிறாள்.

"ஓம், இந்த விலைக்கே எடுங்க" என்றேன்.

"உங்களுக்குக் கட்டுமா கா?"

"அத நான் பாக்கிறன். நீங்க தண்ணியக் கட்டுங்க."

கணவர் பம்பை லாண்ட்மாஸ்டரில் ஏற்றிக்கொண்டு போய்த் தோட்டத்துக் கிணற்றடியில் பூட்டிக் கொடுத்துவிட்டு வந்தார். பெற்றோல் கானைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார், பிறகு அதையே எடுத்து இன்னொருமுறை கழுவினார்.

அடுத்த நாள் காலையில் கடை திறக்கும்போது ஆட்கள் நின்றார்கள். அந்தப் பெண் தண்ணீர் கட்டினதைப் பக்கத்துத் தோட்டக்காரர்கள் பார்த்திருக்கிறார்கள். விலையைக் கேட்டிருக்கிறார்கள். ஏழெட்டுப் பேர், எல்லோருக்கும் பம்ப் வேண்டும், எல்லோருக்கும் அதே விலைக்கு. ஒருவர் சிரித்துக்கொண்டே பலகையைத் தட்டி, "இது இண்டைக்கும் செல்லுமா?" என்று கேட்டார்.

கணவர் என்னைக் கடையின் பின்பக்கத்துக்குக் கூப்பிட்டார்.

"பலகையக் கழட்டுவம் புள்ள. ஒரு பம்புக்குத் தாங்கலாம். இத்தினைக்குத் தாங்க ஏலுமா? கழட்டிப்போட்டு, முடிஞ்சிது எண்டு சொல்லுவம். ஆக்களுக்கு விளங்கும்."

"விளங்கும். மறுகா நாம சொல்லுற ஒண்டையும் நம்பமாட்டாங்க. அதுவும் விளங்கும்."

"அப்ப என்ன செய்யப் போறாய்?"

எனக்கும் அப்போது தெரியாது. ஆனால் ஒன்று மட்டும் தெளிவாக இருந்தது. ஒரு கொம்பனி தன் சாமானை எனக்குக் கூடின விலைக்கும் தோட்டக்காரருக்குக் குறைந்த விலைக்கும் விற்கிறது என்றால், பிழை தோட்டக்காரரிடம் இல்லை. பலகையிலும் இல்லை. அந்தப் பிழையை நான் என் பலகையைக் கழற்றி மூடிக் கொடுக்கக் கூடாது.

முன்பக்கம் வந்து ஆட்களிடம் சொன்னேன். "பலகை செல்லும். ஆனா இப்ப எங்கிட்டப் பம்ப் இல்ல. கொஞ்ச நாள் தாங்க. ஒருத்தரும் முற்பணம் தரத் தேவல்ல. பம்ப் வந்தாச் சொல்லுறன்." இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். தண்ணீர் அவசரமாக வேண்டிய ஒருவருக்கு, முதல் நாள் வாங்கின அந்தப் பெண்ணே தன் பம்பை இரவல் தருவதாகச் சொல்லிவிட்டாள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அன்றே பஸ் ஏறி வாவிக்கு அந்தப் பக்கம் காத்தான்குடிக்குப் போனேன். நாங்கள் பம்ப் வாங்குகிற மொத்தக் கடை அங்கேதான். முதலாளி என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர். முஸ்லிம் ஆட்கள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி நானும் அவரைக் காக்கா என்றுதான் கூப்பிடுவேன். அந்தக் கொம்பனியின் பம்புக்கு எங்கள் பகுதிக்கெல்லாம் அவர்தான் ஏஜென்ட்.

போனை அவர் முன்னால் வைத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். திரும்பவும் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"தங்கச்சி, இந்த விலைக்கு எனக்கே வரல்ல. அல்லாவுக்காகச் சொல்லுறன், உங்களுக்கு நான் லாபம் கொஞ்சம்தான் வெச்சுத் தாறன்."

"அது எனக்குத் தெரியும் காக்கா. உங்களில பிழை எண்டு சொல்ல வரல்ல. கொம்பனிக்காரனக் கேளுங்க."

அவர் என் முன்னாலேயே கொம்பனியின் விற்பனைப் பிரதிநிதி, றெப்புக்கு அழைப்பெடுத்து ஸ்பீக்கரில் போட்டார். றெப் எங்கள் ஊர்ப் பொடியன்தான், மரியாதையாகக் கதைத்தான். "அது ஒன்லைன் விலை காக்கா. ஒன்லைன் பகுதி வேற, நாங்க வேற. அவங்க என்ன விலை போடுறாங்க எண்டு எங்களுக்கே சொல்லுறல்ல" என்றான்.

நான் குனிந்து போனுக்குச் சொன்னேன். "தம்பி, பம்ப் வேறயா?"

"இல்லக்கா, பம்ப் ஒண்டுதான்."

"அப்ப எனக்கும் அந்த விலைக்குத் தாங்க."

"ஏலாதக்கா. நீங்க டீலர் வழியா எடுக்கிற ஆள்."

காக்கா அழைப்பை நிறுத்தினார். எனக்குத் தேத்தண்ணி சொன்னார். குடித்து முடித்துக் கோப்பையை வைத்தேன். "நீங்களே அந்தப் பக்கத்தில ஓடர் பண்ணுங்க காக்கா" என்று கடைசியில் சொன்னேன்.

"எத்தின வருசமா அவங்கட ஏஜென்ட் தங்கச்சி. கள்ளத்தனமா வாங்கின மாதிரிப் போயிரும். ஏஜென்சிய எடுத்துட்டா நான் என்ன செய்யிற?"

அவருடைய பயம் எனக்கு விளங்கியது. "அப்ப நான் பண்ணுறன்" என்றேன்.

வீட்டுக்கு வந்து, காத்திருந்தவர்களுக்குத் தேவையான அத்தனை பம்பையும் என் பெயரில் ஓடர் பண்ணினேன். வங்கி அட்டையில் காசும் கட்டினேன். காசு கழிந்ததாகச் செய்தி வந்தபோது கணவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அடுத்த நாள் கொழும்பிலிருந்து ஒரு பெண் அழைத்தாள். முதலில் சிங்களத்தில் கதைத்து, பிறகு தமிழுக்கு மாறினாள். "மேடம், உங்க ஓடர கேன்சல் பண்ணுறோம். ஒருத்தருக்கு ஒரு பம்ப்தான் குடுப்போம்."

"அது உங்கட பக்கத்தில எங்க எழுதியிருக்கு?"

கொஞ்ச நேரம் அவள் தேடுவது கேட்டது. "எழுதலதான் மேடம். ஆனா எங்க ரூல்ஸ் அப்படி."

"பிள்ள, என்ர கடையிலயும் ஒரு பலகை இருக்கு. அதில எழுதாத ஒண்டச் சொல்லி நான் ஒருத்தரையும் திருப்பி அனுப்பல்ல. நட்டப்பட்டுத்தான் குடுத்தன். நீங்க என்னை விடப் பெரிய ஆக்கள்."

அவள் பாவம், சம்பளத்துக்கு இருக்கிறவள். அந்த இடத்தில் நானும் ஒரு காலம் இருந்தவள். "மெனேஜர்கிட்ட சொல்லுறேன் மேடம்" என்றாள். சொன்னாளோ தெரியாது. பின்னேரம் ஓடர் ரத்து என்று செய்தி வந்தது. காசு திரும்ப வந்து சேரக் கொஞ்ச நாள் சென்றது.

கணவர் அன்று இரவுச் சாப்பாட்டில் மிகவும் பரிவாக, "விடு புள்ள. உன்னால ஏலுமானதச் செஞ்சிட்டாய்" என்றார். பரிவாகச் சொன்னதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. சண்டை பிடித்திருந்தால் ஒருவேளை விட்டிருப்பேன்.

"ஒருத்தருக்கு ஒண்டுதானே எண்டு சொன்னவள்" என்றேன். "நம்மட ஆக்கள் ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு ஆள்தானே."

அடுத்த நாள் காத்திருந்தவர்கள் எல்லோரையும் போனோடு கடைக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பினேன். சீமெந்துப் பைகளின் மேலும் வாசல் படியிலும் இருந்தார்கள். ஒவ்வொருவருடைய போனிலும், ஒவ்வொருவருடைய பெயரில், ஒவ்வொரு பம்ப். வங்கி அட்டை இல்லாதவர்களுக்கு, சாமான் கைக்கு வந்தபிறகு காசு கொடுக்கிற வழி இருந்தது. எழுத்து வாசிக்கக் கஷ்டப்பட்ட ஒருவருக்குப் பக்கத்தில் இருந்தவர் வாசித்துக் கொடுத்தார். முதல் ஆளுக்கு விலாசம் அடித்தபோதுதான் அடுத்த தடை தெரிந்தது. என் ஓடரை ஏற்ற அதே பக்கத்தில், இந்தப் பகுதிக்கு இந்தச் சாமானை இனி அனுப்புவதில்லை என்று வந்தது. வாவிக்கு அந்தப் பக்கம், எழுவான்கரை விலாசம் என்றால் அனுப்புவார்கள்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் வெளியே போய்க் காக்காவுக்கு அழைப்பெடுத்தேன்.

"காக்கா, உங்கட கடை விலாசத்தத் தாறீங்களா? பம்ப் ஆக்கள்ட பேரில வரும். நீங்க வாங்கல்ல. இறக்கி வெச்சாப் போதும், குடுக்கிற காசு முதலே உங்கட கைக்கு வரும், நாங்க வந்து ஏத்துறம்."

இவருக்கு ஏஜென்சி போய்விடும் என்ற பயம் இருக்கிறதே, நாம் கேட்டது அதிகம்தான் என்று நினைத்தேன். பிறகு அவர் சிரிக்கிற சத்தம் கேட்டது. அடக்கி அடக்கிச் சிரித்தார்.

"அவனுகள்ட பம்ப, அவனுகள்ட ஏஜென்ட்ட கடைக்கே, ஏஜென்ட் விலைய விடக் குறைச்சு, அவனுகளே கொண்டுவந்து இறக்கப் போறானுகள். அனுப்பச் சொல்லுங்க தங்கச்சி. நானும் பாக்கத்தான் வேணும்."

பம்புகள் வந்த அன்று கணவரும் நானும் ஒரு சின்ன லொறியை வாடகைக்குப் பிடித்துக்கொண்டு காத்தான்குடிக்குப் போனோம். காக்காவின் கடை வாசலில் சிவப்புப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. அவர் வேண்டுமென்றே உள்ளே எடுத்து வைக்கவில்லை என்று நினைக்கிறேன். எங்களுக்கு முன்பே கொம்பனி வாகனமும் அங்கே நின்றது. றெப்போடு கொழும்பிலிருந்து வந்த ஒரு மெனேஜரும் நின்றார். வேறு வேலைக்காக எங்கள் பக்கம் வந்தவராம்.

றெப் பெட்டிகளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, "காக்கா, இது எங்கட சாமான்தானே? இந்த மாசம் நீங்க எங்ககிட்ட எடுக்கவேயில்லையே?" என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

"உங்கட சாமான்தான். படுவான்கரை ஆக்கள் உங்ககிட்டத்தான் எடுத்தவங்க. நான் இடம் மட்டும் குடுத்தன்" என்றார் காக்கா. அவருடைய குரலில் அன்றைக்குப் பயம் இல்லை. என்னைக் காட்டி, "இவங்ககிட்டக் கேளுங்க" என்றார்.

நான் நடந்ததைச் சொன்னேன். பலகையை, அந்தப் பெண்ணின் போனை, நட்டத்துக்குக் கொடுத்ததை, ரத்தான ஓடரை. றெப் சிங்களத்தில் மொழிபெயர்த்தான். மெனேஜர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். முடிந்ததும் அவர் ஏதோ கேட்க, றெப் என்னிடம் சொன்னான். "சேர் கேக்கிறார், அந்த விலைக்குக் குடுக்காம விட்டிருக்கலாமே, ஏன் குடுத்தீங்க எண்டு."

"எழுதிப் போட்டதால" என்றேன். "தம்பி, இதையும் சொல்லுங்க. உங்கட பக்கத்தில போய்ப் பம்ப் வாங்கின ஒருத்தருக்கு அது நாளைக்கு நிண்டா, கொழும்புக்குத் தூக்கிக்கொண்டு வரமாட்டார். என்ர கடைக்குத்தான் வருவார். வாசர் மாத்துறதும் பிளக் மாத்துறதும் நாங்கதான். எங்களை வெச்சுத்தான் உங்கட பேர் இஞ்ச ஓடுது. எங்களுக்குக் கூடின விலையும் அவங்களுக்குக் குறைஞ்ச விலையும் போட்டா, கடை ஒவ்வொண்டா மூடிப்போகும். பிறகு ஒன்லைனில விக்கிற பம்ப யார் பூட்டிக் குடுக்கிற?"

மெனேஜர் காக்காவின் கொள்முதல் விலையைக் கேட்டார். போனில் தங்கள் பக்கத்தைத் திறந்து பார்த்தார். அங்கே இருந்த விலையைப் பார்த்து அவருக்கே ஆச்சரியம் என்று எனக்குத் தோன்றியது. தள்ளிப் போய் யாருக்கோ அழைப்பெடுத்து நீண்ட நேரம் கதைத்தார். அதற்குள் கணவர் பம்புகளை ஒவ்வொன்றாக லொறியில் ஏற்றத் தொடங்கிவிட்டார். யாரும் தடுக்கவில்லை.

அன்று ஒரு முடிவும் சொல்லாமல்தான் போனார்கள். சில கிழமைகளுக்குப் பிறகு காக்கா அழைத்தார். ஒன்லைனில் விலை குறைக்கிற காலத்தில் ஏஜென்டுக்கும் அதற்கேற்றபடி குறைப்பதாக ஒத்துக்கொண்டார்களாம். கடையில் தேங்கி நிற்கிற பம்புக்கும் அவருக்கு ஒரு விலைக்கழிவு கொடுத்தார்களாம். அதில் எனக்கு ஒரு பங்கு தருவதாகச் சொன்னார். அந்தப் பெண்ணுக்கு விற்ற முதல் பம்பின் நட்டத்தை யாரும் ஈடு செய்யவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த ஏழெட்டுப் பம்பிலும் எனக்கு ஒரு லாபமும் இல்லை. லொறி வாடகையைத் தோட்டக்காரர்கள் தங்களுக்குள் பிரித்துக் கொடுத்தார்கள். ஒருவர் மட்டும் தரவில்லை. அவரும் பிறகு கத்தரிக்காய் ஒரு பை கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆணிக்கும் பெயின்டுக்கும் வேறு கொம்பனிகள். ஒவ்வொன்றோடும் வேறு வேறு சண்டை. சிலதில் வென்றேன். ஒரு பைப் கொம்பனியை விட்டே விட்டேன், அவர்கள் சாமானை இப்போது நாங்கள் விற்பதில்லை. பாலத்துக்கு அந்தப் பக்கத்துப் பெரிய கடையிலும் எங்களைப் போல ஒரு அறிவித்தல் ஒட்டியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஒரு நாள் போய்ப் பார்த்தேன். அழகான எழுத்து. கீழே நாலு வரி சின்ன எழுத்து. வாசிக்கக் கண்ணாடி தேவைப்பட்டது.

போன மாதம் றெப் அழைத்தான். இப்போதெல்லாம் முன்கூட்டியே சொல்லிவிடுவான். "அக்கா, நாளைக்கு அந்தச் சின்ன மோட்டருக்கு விலை குறையுது." அவன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கடையில் ஒருவர் அதே மோட்டரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். வீட்டுக் கிணற்றுக்கு வேண்டுமாம், காசையும் எண்ணி வைத்துவிட்டார்.

கணவர் என்னைப் பார்த்தார். நான் காசை வந்தவர் பக்கம் திருப்பித் தள்ளினேன்.

"அண்ணன், நாளைக்கு வாங்க. நாளைக்கு இத விடக் குறையும்."

"எனக்கு இண்டைக்குத் தண்ணி வேணுமே."

"அப்ப கொண்டு போங்க. பூட்டுங்க. நாளைக்கு வந்து நாளைய விலையத் தாங்க."

அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். ஏதோ பழுதான மோட்டரைத் தலையில் கட்டப் பார்க்கிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். பெட்டியைத் திறந்து மோட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என் கணவர்தான் அவருக்குப் பக்கத்தில் போய், "கொண்டு போங்க மச்சான். இவ இப்பிடித்தான்" என்று சொல்லி, பெட்டியை மூடி, அவருடைய மோட்டார் சைக்கிளின் பின்னால் கயிறு போட்டுக் கட்டிக் கொடுத்தார்.